காத்திருப்பு எங்கே போயிற்று? உலாவி அரசியலும் தமிழ் எழுத்தும்

1

தொழில்நுட்ப வரலாறு என்று பேச்செடுத்தாலே நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஒரு சலிப்பு வந்துவிடுகிறது. 'அதெல்லாம் கம்ப்யூட்டர்காரன் சமாச்சாரம்' என்று தள்ளிவிடுகிறோம். அச்சு எந்திரம், காலனிய இரயில் பாதை, தந்தி பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், தினமும் தமிழை எழுதவும் அனுப்பவும் வைத்திருக்கிற கருவி எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது, வருகிற வழியில் யார் யாருக்கு எதை மறுத்தார்கள் என்று கேட்பதேயில்லை. இந்தக் கட்டுரை கேட்கப் பார்க்கிறது. கேள்வி ரொம்பச் சின்னதுதான். இணையப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்து நாம் காத்திருந்தோமே, அந்தக் காத்திருப்பு எங்கே போயிற்று?

2003ஆம் வருஷம். ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் மாடிப்படி ஏறினால் ஒரு பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்பு போட்டு எட்டு கம்ப்யூட்டர்கள். மணிக்கு 30 ரூபாய். நண்பரின் பத்திரிகைக்கு ஒரு கட்டுரையை மின்னஞ்சல் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அடித்தேன். அங்கே தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தாக வேண்டும். 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். பக்கம் வெள்ளையாயிற்று. கீழே ஒரு நீலக்கோடு மெல்ல நகர்ந்து பாதியில் நின்றது. கை தானாக 'ரிஃப்ரெஷ்' பக்கம் போயிற்று.

"ரிஃப்ரெஷ் பண்ணீராதீங்ணா, எல்லாம் போயிரும்" என்று கல்லாவிலிருந்த பையன் கத்துவதற்குள் பண்ணிவிட்டேன். எல்லாம் போயிற்று. மறுபடி உள்ளே நுழையச் சொன்னது. நுழைந்து பார்த்தால் கட்டுரை இல்லை.

"டைம் அவுட் ஆயிருக்குமுங்ணா" என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "60 ரூவாங்ணா" என்றான்.

அந்தக் கட்டுரையை நான் மறுபடி எழுதவில்லை. அந்த வெள்ளைப் பக்கம் மட்டும் மனசில் நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பிறகு படிக்கப் படிக்க, அதற்குள் ஒரு பெரிய அதிகாரக் கதை இருப்பது தெரியவந்தது.

2

முதலில் அந்த வெள்ளைப் பக்கம் ஏன் வந்தது என்று பார்த்துவிடுவோம். டிம் பெர்னர்ஸ்-லீ 1989க்குப் பிறகு செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய வலை, ஆவணங்களுக்கானது. ஒரு ஆவணம் கேட்கிறீர்கள், ஒரு ஆவணம் வருகிறது. அதிலுள்ள சுட்டியை அழுத்தினால் பழையது போய் இன்னொன்று வருகிறது. தருகிற எந்திரத்துக்கு ஆங்கிலத்தில் சர்வர் என்று பெயர். நமக்கு இந்தச் சொல் ஓட்டலிலிருந்து ஏற்கெனவே பழக்கம். ஒப்புமைக்கும் அதுவே வசதி. ஓட்டலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு கரண்டி சட்னி வேண்டும். சர்வர் வந்து, முன்னாலிருக்கிற இலையை இட்லியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டு, கொஞ்ச நேரம் வெறும் மேஜையைக் காட்டி, பிறகு புது இலை, புது இட்லி, புது சாம்பாரோடு அந்தக் கரண்டி சட்னியையும் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும்? பழைய வலை அப்படித்தான் இருந்தது. ஒரு வரி மாற வேண்டுமென்றாலும் பக்கம் முழுக்க மறுபடி வந்தாக வேண்டும். அந்த வெறும் மேஜைதான் வெள்ளைப் பக்கம்.

இலையை எடுக்காமல் சட்னி மட்டும் கொண்டுவருகிற ஏற்பாட்டைத்தான் 'ஒத்திசைவற்ற' முறை என்று கலைச்சொல்காரர்கள் எழுதுகிறார்கள். நான் 'காத்து நிற்காத முறை' என்றே சொல்கிறேன். பக்கம் அப்படியே இருக்கும். நீங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் பக்கமே ஒரு கேள்வியை அனுப்பி, பதில் வந்ததும் வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

காலத்தைக் கூறுபோடுவதும் காக்க வைப்பதும் அதிகாரத்தின் வேலை என்பதை பூக்கோ வழியாகத் தமிழில் நிறையப் பேசியாயிற்று. தாலுகா ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்தவருக்கு பூக்கோ தேவையுமில்லை. ஆனால் அந்தத் திண்ணைக்கு ஒரு குணம் உண்டு. யார் காக்க வைக்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்பது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரியும். வெள்ளைப் பக்கமும் அப்படித்தான். கேட்பவன் நான், தருபவன் அங்கே, நடுவில் ஒரு கம்பி. என் சொல் என்னை விட்டுப் போகிற கணம் கண்ணுக்குத் தெரிந்தது. எரிச்சலாக இருந்தாலும் தெரிந்தது.

3

காத்து நிற்காத முறையை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் ஒரே பெயர் சொல்ல முடியாது. நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் 1995இல் ஜாவாஸ்கிரிப்டை எழுதியதும் பக்கத்துக்குள் சின்னச் சின்ன வேலை பார்க்க முடிந்தது. நெட்ஸ்கேப் பக்கத்தைச் சட்டங்களாகப் பிரித்தது. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3, 1996இல் பக்கத்துக்குள்ளே இன்னொரு பக்கத்தைப் பதிக்கிற 'ஐஃப்ரேம்' வசதியைக் கொண்டுவந்தது. நிரலாளர்கள் அந்த உள்பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிட்டு, கேள்வி பதிலெல்லாம் அதற்குள் நடக்கும்படி செய்தார்கள். ஆக முதல் உத்தியே ஒளித்துவைப்பதுதான்.

முறையான கருவி வந்தது மின்னஞ்சலுக்காக. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2000 என்கிற அலுவலக அஞ்சல் மென்பொருளை உலாவிக்குள்ளேயே பயன்படுத்துகிற மாதிரி செய்ய வேண்டியிருந்தது. அந்தக் குழுவிலிருந்த அலெக்ஸ் ஹாப்மன் எழுதிய கருவிக்கு, பெயரளவில் எக்ஸ்எம்எல் நூலகத்தின் ஒரு பகுதி என்று பட்டம் கட்டி, 1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5க்குள் அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்எம்எல் எச்டிடிபி என்று பெயர். எக்ஸ்எம்எல்லுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. புறப்படத் தயாராக நின்ற வண்டி அந்த நூலகம், அதில் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். கேள்வி அனுப்பும்போது மூன்றாவது இடத்தில் 'ட்ரூ' என்று எழுதினால் காத்து நிற்காது. 'ஃபால்ஸ்' என்றால் பதில் வரும்வரை பக்கம் உறைந்துபோகும். காத்திருப்பது நாமானாலும் அதைத் தீர்மானிக்கிறவர் பக்கத்தை எழுதியவர். இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

அது வந்த காலம் எது? அமெரிக்க நீதித்துறை 1998 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மீது ஏகபோக வழக்கு தொடுத்திருந்தது. விண்டோசோடு உலாவியைச் சேர்த்துக் கட்டி நெட்ஸ்கேப்பை ஒழிக்கப் பார்க்கிறது என்பது அதில் முக்கியக் குற்றச்சாட்டு. நெட்ஸ்கேப் அதே ஆண்டு தன் உலாவியின் மூலநிரலைப் பொதுவில் திறந்துவிட்டது. புதிய கருவியோ 'ஆக்டிவ்எக்ஸ்' என்கிற விண்டோஸ் பொறியமைப்பின் மேல் நின்றது. வேறு உலாவிக்காரர்களுக்கு அது இல்லை. திறந்த நிரலிலிருந்து எழுந்த மொசில்லா குழுவினர், மைக்ரோசாஃப்ட் செய்ததைப் பார்த்து அதே மாதிரி நடந்துகொள்கிற ஒன்றை உலாவியின் சொந்த உறுப்பாக எழுதிச் சேர்த்தார்கள். 2002 ஜூனில் மொசில்லா 1.0 வந்தது. ஆப்பிளின் சஃபாரி 1.2இல் 2004இல் வந்தது. ஓபரா 8இல் 2005இல் வந்தது. ஏகபோகத்தின் கொல்லைப்புறத்தில் முளைத்த செடியை, ஏகபோகத்தை எதிர்த்தவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் தோட்டத்தில் நட்டுக்கொண்டார்கள். பொதுவெளி என்று நாம் நினைக்கிறது பல சமயம் இப்படித்தான் உருவாகிறது.

இதற்கிடையில் வென்றவர் தூங்கிப்போனார். எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001இல், அடுத்த பதிப்பு 2006இல். ஐந்து வருஷம் உலகத்தின் பெரும்பகுதி அந்த ஒரே உலாவியின் முன்னால் உட்கார்ந்திருந்தது. நம் பிரவுசிங் சென்டரின் எட்டு கம்ப்யூட்டர்களிலும் அதுதான். ஆக, 2003இல் என் கட்டுரையை விழுங்கிய பக்கத்துக்கு வெள்ளையாகாமல் இருக்கிற கருவி அந்த எந்திரத்துக்குள்ளேயே நாலு வருஷமாக இருந்தது. பயன்படுத்தத்தான் ஆளில்லை. நம் காத்திருப்புக்குக் காரணம் எப்போதும் தொழில்நுட்பம் இல்லாமைதான் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே கருவி இருந்தும் காத்திருந்தோம்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2004 ஏப்ரலில் ஜிமெயில், 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். அதே பிப்ரவரி 18ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரட் ஒரு கட்டுரையில் இந்த உத்திகளுக்கெல்லாம் சேர்த்து 'ஏஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். ஆறு வருஷம் பெயரில்லாமல் கிடந்தது பெயர் வைத்ததும் இயக்கமாயிற்று. சொல்லாடலின் வலிமை பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது நல்ல உதாரணம். சென்னையில் அட்வென்ட்நெட் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் 2005இலேயே ஸோகோ ரைட்டர் என்கிற ஆவணம் எழுதும் மென்பொருளை இந்த முறையில் உலாவிக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலிருந்து செய்ய ஆளில்லை என்பதெல்லாம் கிடையாது. வலைத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு இதற்கான முதல் வரைவை வெளியிட்டது 2006 ஏப்ரலில். புழக்கத்துக்கு வந்து ஏழு வருஷம் கழித்து இலக்கணம்.

4

இதில் தமிழ் எங்கே வருகிறது? இணையத் தமிழ் வரலாற்றை எழுதுகிறவர்கள் எழுத்துருக்கள், விசைப்பலகைகள், மாநாடுகள் என்றே எழுதிப்போகிறார்கள். காத்து நிற்காத முறைக்கும் அந்த வரலாற்றுக்கும் உள்ள முடிச்சை யாரும் அவ்வளவாகத் தொடவில்லை.

1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் வலையேறியது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என்று உலகமெங்கும் தனிமனிதர்கள் செய்த வேலை அது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஆனால் இவையெல்லாம் ஒரு வேஷத்தின் மேல் நின்றன. அந்தக் கால எழுத்துருக்களில், ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளை வரைந்து வைத்திருந்தார்கள். உலாவியைப் பொறுத்தவரை அது ஏதோ ஐரோப்பிய மொழிப் பக்கம். நம் கண்ணுக்குத் தமிழ். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதில் ஆளுக்கொரு கணக்கு. டிஸ்கி ஒன்று, 1999 சென்னை தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற டாம், டாப் இரண்டு, அதற்கு மேல் நாளிதழுக்கு ஒன்று.

எழுத்துரு இல்லாத எந்திரத்திலும் தமிழ் தெரிய, பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்புகிற வழி 1997இல் வந்தது. அதிலும் உலாவிச் சண்டைதான். நெட்ஸ்கேப் 4க்கு ஒரு வடிவம், எக்ஸ்ப்ளோரர் 4க்கு வேறு வடிவம். நெட்ஸ்கேப் அழிந்து மொசில்லா வந்தபோது பழைய வடிவத்தைக் கைவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் வடிவம் மைக்ரோசாஃப்டிடமே இருந்தது. விளைவு, ஏகபோகத்துக்கு எதிரான உலாவியைத் தேர்ந்தெடுத்த தமிழ் வாசகருக்குத் தமிழ்ப் பக்கங்கள் குப்பை எழுத்தாகத் தெரிந்தன. 'எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்' என்ற அறிவிப்பு தமிழ்த் தளங்களின் நெற்றியில் எழுதியிருந்தது. தமிழ் படிக்க ஒரு அமெரிக்கக் கம்பெனியின் உலாவி கட்டாயம் என்கிற நிலைமையைப் பற்றி நம் மொழி அரசியல்காரர்கள் அன்று பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

வேஷம் கலைந்த இடங்களில் ஒன்று, காத்து நிற்காத முறை. பழைய படிவத்தை நிரப்பி அனுப்பினால், பக்கம் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறதோ அதிலேயே உலாவி அனுப்பிவிடும். வேஷம் வேஷமாகவே போய்ச் சேரும், வேஷமாகவே திரும்பும். புதிய கருவியில் அது செல்லாது. அனுப்புகிற எழுத்தையெல்லாம் அது யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்பும். வருகிற பதிலிலும் வேறு சேதி இல்லையென்றால் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ் வேஷம் போட்ட ஐரோப்பிய எழுத்து, ஐரோப்பிய எழுத்தாகவே மாற்றப்பட்டு இரண்டிரண்டு துண்டாகப் போகும். திரும்பும்போது கேள்விக்குறிகளாக வரும். சுற்றுவழிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் வேதனை.

ஒரேயடியாக இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தது. அது கம்ப்யூட்டரில் தெரிய ஆரம்பித்தது விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகு. தமிழ் விக்கிப்பீடியா 2003இலும், காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் திரட்டி 2004இலும் தொடங்கியபோது காற்று யூனிகோடு பக்கம் திரும்பிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம். யூனிகோடு தமிழுக்கு நியாயம் செய்ததா, 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டாமா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோதே, பக்கத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கருவி தன் தீர்ப்பை எழுதிவிட்டது. புது மாதிரிப் பக்கம் வேண்டுமா, யூனிகோடுக்கு வா. வாக்கெடுப்பு இல்லை, அரசாணை இல்லை.

அரசாணை பிறகு வந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இதே கோயம்புத்தூரில், அவிநாசி ரோடு கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும். யூனிகோடைத் தமிழ்நாட்டு அரசின் தரமாக ஏற்பதாக அப்போதுதான் ஆணை வந்தது. எல்லா எழுத்துக்கும் தனியிடம் தருகிற டேஸ்-16, மாற்றுத் தரமாகச் சேர்க்கப்பட்டது. ஊரே திருவிழாவாகக் கிடந்த அந்த நாட்களில் நடந்தது தீர்மானம் என்பதைவிட, ஏற்கெனவே நடந்துவிட்டதைப் பதிவேட்டில் ஏற்றுவது என்பதே சரி.

5

கடைசிக் கட்டத்துக்கு வருவோம். 2006இல் பெங்களூரிலிருந்து குயில்பேட், 2007இல் கூகுளின் எழுத்துப்பெயர்ப்பு. ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்து இடைவெளிக் கட்டையைத் தட்டினால் சொல் தமிழாக மாறி நிற்கும். கூகுளில் அந்த மாற்றம் நம் எந்திரத்தில் நடப்பதில்லை. தட்டிய கணத்தில் சொல் சர்வருக்குப் போகிறது, அங்கே தமிழாகி, மாற்றுச் சொற்களின் பட்டியலோடு திரும்பி வருகிறது. பக்கம் வெள்ளையாகவில்லை. காத்து நிற்காத முறையின் வெற்றி இது. 2003இல் ஆங்கில எழுத்தில் அடித்து வெட்கப்பட்ட என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு விடுதலை என்றே பட்டது. எவ்வளவோ பேர் இப்படித்தான் தமிழில் எழுதவே ஆரம்பித்தார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். எழுதி முடித்து, திருத்தி, 'அனுப்பு' என்று நாமாக அழுத்தின பிறகுதான் முன்பு சொல் நம்மை விட்டுப் போயிற்று. இப்போது எழுதுவதே அனுப்புவதாயிற்று. நாம் கிழித்துப் போட நினைத்த வரியும் போய்விட்டு வந்திருக்கிறது. அடிக்க அடிக்கத் தேடல் யோசனை சொல்கிற ஏற்பாட்டில் ஒரு சொல் முடிவதற்குக்கூடக் காத்திருப்பதில்லை, எழுத்தெழுத்தாகப் போகிறது. போன சொல் அங்கே என்னவாகிறது என்று பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. இப்படியொரு சேவையில் ஒருமுறை 'ஒறம்பரை' என்று அடித்தேன். எங்கள் பக்கம் உறவுக்காரர்களுக்கு, விருந்தாளிகளுக்கு அதுதான் சொல். வந்த பட்டியலில் அது இல்லை. நானும் 'விருந்தினர்' என்று மாற்றிவிட்டுப் போய்விட்டேன். சண்டை போட எதிரில் ஆளில்லை. பக்கம்தான் வெள்ளையாகவே இல்லையே.

வேறு வழி அன்றும் இருந்தது. முகுந்தராஜின் எ-கலப்பை நம் எந்திரத்திலேயே இயங்கியது. ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் எழுதிய எழுத்துரு மாற்றிகள் உலாவிக்குள்ளேயே, யாரையும் கேட்காமல், வேலையை முடித்தன. தமிழ்99 விசைப்பலகைக்கு எந்த சர்வரும் வேண்டாம். இவை வசதி குறைந்தவை. கொஞ்சம் பழக வேண்டும். ஆனால் வேலை நடக்கிற இடம் நம் மேஜை. தன் எழுத்துப்பெயர்ப்பு வசதியைப் பிற தளங்கள் பயன்படுத்தத் திறந்து வைத்திருந்த வாசலைக் கைவிடுவதாக கூகுள் 2011 மே மாதம் அறிவித்தபோது இந்த வித்தியாசம் வெளிப்படையாயிற்று. அங்கே எழுதப்பட்ட கருவியை அங்கேயே நிறுத்திவிடலாம். எ-கலப்பையை யாரும் நம் கம்ப்யூட்டரிலிருந்து நிறுத்த முடியாது.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு ஒண்ணும் புதிதில்லை. பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் தருவார். தறி இவர்களுடையது. நெய்து கொடுத்தால் கூலி. சுரண்டல்தான். ஆனால் நூல் யாருடையது, தறி யாருடையது, துணி யாரிடம் போகிறது என்பது மூன்றும் தெரியும். தெரிவதால்தான் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்த முடிகிறது, பேச்சுவார்த்தைக்கு எதிரில் ஒரு ஆளை உட்கார வைக்க முடிகிறது. நம் சொல் நெய்யப்படுகிற தறி எங்கே ஓடுகிறது என்றே தெரியாதபோது நாம் எதை நிறுத்துவது?

பழைய வெள்ளைப் பக்கத்துக்கே திரும்பிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. என் இரண்டு மணி நேர உழைப்பை விழுங்கியது அது. எனக்கு அதன் மேல் ஏக்கம் எதுவுமில்லை. காத்திருப்பை ஒழித்துவிட்டோம் என்று சொல்லப்படுகிற இடத்தில் எது ஒளித்துவைக்கப்பட்டது என்று கேட்கிற பழக்கம் நமக்கு வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு உலாவியிலும் நிரலாளர்களுக்கென்று ஒரு சாளரம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதிப் பாருங்கள். நீங்கள் எதையும் அழுத்தாமலே பக்கத்திலிருந்து என்னென்ன புறப்பட்டுப் போகிறது, எந்த முகவரிக்குப் போகிறது என்று வரிசையாகத் தெரியும். நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்தால் போதும். இயக்கங்கள் நடத்துகிறவர்களும் பத்திரிகை நடத்துகிறவர்களும் தங்கள் கூட்டங்களில் ஒரு அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். எதை எந்திரத்தில் எழுதுவது, எதை அங்கே எழுதக்கூடாது, எந்தக் கருவியை நம் மேஜையில் வைத்துக்கொள்வது என்கிற விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.